மாமனார் காரின் இடது பக்கம்

என்னிடம் ஒரு அலமாரி நிறையக் கார்கள் உண்டு. ஒன்றும் ஓடாது. எல்லாம் பிளாஸ்டிக். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு, உள்ளங்கையில் நிற்கும். பெட்டியில் துண்டு துண்டாக வருவதை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, நிஜக் கார்தானோ என்று பார்ப்பவர் மயங்கும்படி செய்து முடிப்பது என் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்பது நான் வைத்த பெயர். என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. மயங்குவதற்கு இதுவரை யாரும் வந்து பார்த்ததில்லை என்பது தனி விஷயம்.

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கப் பால்கனியில் பாதி என் ஒர்க்‌ஷாப், பாதி துணி காயும் இடம். பினாங்கில் காற்று எப்போதும் ஈரம். மழை கட்டியிருக்கும் நாளில் மேல்பூச்சு அடித்தால் பளபளப்புக்குப் பதிலாகப் பெயின்ட் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். துணியும் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் காய்கிறது. ஒருமுறை ஆபீசுக்குப் போடும் அவளுடைய வெள்ளைச் சட்டையில் சாரல் அடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன.

"இது என்னங்க?" என்று கேட்டாள்.

"ரேஸ் கார் சிவப்பு" என்றேன். அவள் கேட்டது நிறத்தின் பெயரை அல்ல என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

பகலில் எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. வரிசையில் வரும் சர்க்யூட் போர்டுகளில் குறை கண்டுபிடிக்க வேண்டும். குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்பு விழுந்துவிட்டால், சரிசெய்யாமல் அந்தப் போர்டு வாசலைத் தாண்டாது. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் தாண்டாது. அம்பு ஒட்டியவன் தப்பாகச் சொல்லியிருப்பானோ என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்க ஆரம்பித்தால் தொழிற்சாலை நடக்காது. வருடக்கணக்காக இதிலேயே ஊறிப்போனவன் நான். யாராவது எதன் மேலாவது அம்பு ஒட்டிவிட்டால் அங்கே குறை இருக்கிறது என்றுதான் என் புத்தி எடுத்துக்கொள்ளும். என்னிடம் இருக்கும் இந்த வியாதியை என் மாமனார் என்னைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்.

மாமனார் ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். மாமியார் தவறிய பிறகு எங்களோடு வந்துவிடச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டோம். பாயான் பாருவில் காற்று சரியில்லை என்று சொல்லிவிட்டார். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை காலத்தில் தன் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை அறிமுகமான முதல் நாளே எவரிடமும் சொல்லிவிடுவார். பெண் பார்க்கப் போன அன்று எனக்கும் சொன்னார். பெண்ணைப் பற்றி அவ்வளவு விவரம் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு கார். எங்கள் ஊர்ப் பேச்சில் காடி. பழைய ஜப்பான்காரன் தயாரிப்பு, பால் நிறத்தில், சதுரம் சதுரமாக, இப்போது ரோட்டில் அதிகம் காணக் கிடைக்காத ரகம். பஸ்ஸில் சேர்த்த சம்பளத்தில் வாங்கியது. காலையில் தான் குளிப்பதற்கு முன்னால் அதைக் குளிப்பாட்டுவார். போன வருடம் கண் டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, கண் அழுத்தத்தால் பக்கப் பார்வை போய்விட்டது, அதிலும் இடது பக்கம் ரொம்ப மோசம், நேரே தெரிவதும் புகை மூட்டமாகத்தான் தெரியும், இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னார். அவர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காதும் எனக்கு அன்று நன்றாகவே வேலை செய்தன. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

"ஓட்ட மாட்டேன் லா" என்று மகளிடம் மாமனார் வாக்குக் கொடுத்தார். ஆனால் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. காடி கீழே, உறை போட்டு, அதே இடத்தில் நின்றது. ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கிறவர் ஒருவர் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மாமனார் மட்டும் சாவியைத் தரமாட்டேன் என்றார். சும்மா நிற்கிற காடி யாருக்கு என்ன செய்தது என்று கேட்டார்.

"சும்மா நிக்கிற வரைக்கும் சரி" என்று என் மனைவி வீட்டுக்கு வந்து புலம்புவாள். "ஒரு நாளைக்கு எடுப்பாரு. யாரு மேலயாவது ஏத்திடுவாரு. அன்னைக்கு எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க, மக என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு." பெற்ற அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியைப் பிடுங்க அவளால் முடியாது. பிடுங்கச் சொல்லி என்னைப் பார்ப்பாள். நான் மாப்பிள்ளை, எனக்கு அவர் காப்பி போட்டுக் கொடுப்பார். எப்படிப் பிடுங்குவது?

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம்.

"அப்பா, இவரு ஊருல இல்லாத காடியெல்லாம் செஞ்சு அடுக்கி வச்சிருக்காரு. உங்க காடிய செஞ்சு தரச் சொல்றேன். அத வீட்டுக்குள்ளயே வச்சுக்குங்க. கீழ நிக்கிறத கொடுத்துருவோம்."

மாமனார் கொஞ்சம் யோசித்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்த எங்களுக்கு ஆச்சரியம்.

"அப்படியே இருக்குமா மாப்பிள்ளை?"

"அப்படியே இருக்கும் மாமா."

"அச்சு அசலா இருக்கணும். என் காடில என்ன இருக்கோ அது அதுல இருக்கணும். இருந்துச்சுன்னா அன்னைக்கே சாவியக் கொடுத்துடறேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் கார்களைப் பற்றி ஒரு மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மனைவிக்கோ பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி. திரும்பி வரும் வழியில் சிரித்துக்கொண்டே வந்தாள். மாமனாரும் அன்று வீட்டில் சிரித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ரகக் காருக்கு ஜப்பானில் இன்னும் ரசிகர்கள் இருப்பதால் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் கிட் கிடைத்தது. வேலையில் இறங்கினேன். உறையை விலக்கி நிஜக் காரைச் சுற்றிச் சுற்றிக் கைப்பேசியில் படம் எடுத்தேன். பால் நிறம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அதைக் கலந்து எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள், ஊசி முனையளவு பழுப்பு. ஒரு சொட்டுக் கூடினால் பாலாடை, குறைந்தால் ஆஸ்பத்திரிச் சுவர். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் வெயில் படாமல் அசல் நிறம் இருந்தது. அதை வைத்துத்தான் சரிபார்த்தேன். கதவு இடுக்குகளில் மெல்லிசாகக் கறுப்பு ஓடவிட்டேன். கண்ணாடி ஓரத்து வெள்ளிக் கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். நம்பர் பிளேட்டை எழுதியபோது பல் குத்தும் குச்சியைச் சீவிக்கொண்டேன். முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

மாமனார் அதை மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்தார். கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

"பிள்ளையார் எங்க?"

டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாரை விட்டுவிட்டேன். நிஜத்தில் அது கட்டைவிரல் உயரம். என் அளவில் அரிசிக் குருணை. தலையில் அடித்துக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே போயிருந்ததால் பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள் இருந்தது. விளையாட்டாக ஒன்றைப் பிய்த்து அவரிடம் கொடுத்து, எங்கள் கம்பெனியில் குறை கண்ட இடத்தில் இப்படித்தான் ஒட்டுவோம் என்றேன். ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். சரிசெய்கிற வரை பொருள் வெளியே போகாது என்று சொன்னேன். சுருளை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

பள்ளம் அடைக்கிற புட்டிப் பசையில் பிள்ளையார் பிடித்தேன். பிடிக்க உட்கார்ந்த அன்று வீட்டில் ஆட்டிறைச்சி. சாப்பிட்ட கையோடு பிள்ளையாரைத் தொடக் கூடாது என்று மனைவி சண்டை போட்டதில் ஒரு வாரம் தள்ளிப்போனது. பூதக்கண்ணாடி வைத்துக் காது, வயிறு, தும்பிக்கை எல்லாம் கொண்டுவந்தேன். மாமனார் பார்த்துவிட்டு அம்பு ஒட்டினார். தும்பிக்கை வலது பக்கம் திரும்பியிருக்கிறதாம். அவருடைய பிள்ளையாருக்கு இடது பக்கமாம். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மை. பூதக்கண்ணாடி இல்லாமல் என்னாலேயே பார்க்க முடியாததை அவர் பார்த்துவிட்டாரே என்று மலைத்துப்போனேன். அவர் பார்க்கவில்லை, எந்தப் பக்கம் என்று நான் யோசித்துச் செய்திருக்க மாட்டேன் என்று குத்துமதிப்பாக அடித்தார் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை.

பிள்ளையார் முடிந்ததும் பின்னால் பார்க்கும் இடது கண்ணாடி வந்தது. அதன் ஓரத்தில் உராய்ந்த தடம் இருக்கிறது, அது ஏன் மாடலில் இல்லை என்று கேட்டு அம்பு ஒட்டினார். கீழே போய் உறையைத் தூக்கிப் பார்த்தேன். தடம் இருந்தது. இதை எப்படி விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு தேய்த்து, கறுப்புத் தொட்டு, தடம் வைத்தேன். அடுத்து இடது பின்கதவில் ஒரு குழிவு. பிளாஸ்டிக்கில் குழிவு கொண்டுவர உள்ளே சுரண்டி மெல்லிசாக்கி, சால்டரிங் அயனைக் கிட்டத்தில் காட்டி, இளகியதும் கரண்டிக் காம்பால் அமுக்க வேண்டும். ஒரு நொடி தாண்டினால் கதவே உருகி ஓடிவிடும். அதைச் செய்து, கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்து முடிக்க மூன்று வாரம். அடுத்து இடது முன்சக்கரத்தின் விளிம்பு. அதற்கடுத்து இடது பக்கம் அடியில் ஒரு சொட்டை.

நான் தர நிர்ணயக்காரன் இல்லையா? குறைகள் ஒரே இடத்தில் கூடினால் காரணம் தேட வேண்டும் என்பது எங்கள் தொழில் பாடம். உட்கார்ந்து யோசித்தேன். எல்லாக் குறையும் இடது பக்கம். ஆகவே நான் இடது பக்கத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஏன்? பால்கனியில் என் விளக்கு வலது பக்கம் இருக்கிறது. விளக்கை இடது பக்கம் மாற்றினேன். அந்த ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பெருமை. தொழிற்சாலையில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கூடக் காட்டினேன்.

"அப்பா வேணும்னே இழுக்கிறாரு" என்றாள் மனைவி. ஜுருக்காரர் அவளுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சும்மா இரு. அவர் சொல்றதெல்லாம் நியாயமான குறை. நான் போய்ப் பாத்தேன், எல்லாம் காடில இருக்கு."

"முன்னாடியே இருந்துச்சா?"

"இல்லாமயா? நான்தான் கவனிக்கல."

"ஒரு கீறல் விடாத மனுசன் காடில இத்தன அடியா?"

"அதுதான் அவரு பெருந்தன்மை. வெளிய சொல்லிக்கல. இப்ப மாடலுக்காக ஒளிக்காம சொல்றாரு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தத்தை விளக்கு மாற்றுவது போல மாற்றிவிட முடியாது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த மாதங்கள் சந்தோஷமாகத்தான் கழிந்தன. ஞாயிறுதோறும் ஒரு மனிதர் என் வேலையை வாங்கி, விரல் விரலாகத் தடவி, இங்கே சரியில்லை என்கிறார். சரியில்லை என்று சொல்வதற்காவது ஒருவர் பார்க்க வேண்டுமே. இன்னும் நாலைந்து குறை அவர் சொன்னாலும் செய்யத் தயாராகத்தான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தபோது மாமனாரிடமிருந்து போன். ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார். குரல் ஒருமாதிரி இருந்தது. சளி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் போனால் கீழே காடியருகே நின்றுகொண்டிருந்தார். உறையை அவரே எடுத்து வைத்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன் பம்பரின் இடது மூலையில் வைத்தார்.

"இங்க ஒண்ணு இருக்கு. கைக்குத் தெரியுது. பாருங்க."

குனிந்து பார்த்தேன். பம்பர் லேசாக உள்ளே போய், மேலே வேறு ஏதோ பெயின்ட் இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

"ஆமா மாமா. இருக்கு."

"என்ன கலரு?"

"நீலம்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. செவப்பு இல்லையே?"

"இல்ல மாமா."

"செவப்பு கொஞ்சங்கூட இல்லையா? ஓரத்துல, அடியில?"

மண்டியிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் அடியிலும் பார்த்து, சிவப்பு துளிகூட இல்லை, சுத்தமான நீலம், வெளிர்நீலமும் இல்லை, கருநீலமும் இல்லை, நடுவாந்தரமான நீலம் என்று விவரித்தேன். என்ன ஒரு நுணுக்கமான மனிதர் என்று நெஞ்சு நிறைந்தது. அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறுகிறது, மேலே போங்கள் என்று சொல்லிவிட்டு நான் பெயின்ட் கலக்க வீட்டுக்கு ஓடினேன்.

புது நிறம் கலந்தால் மாடலில் நேராக அடிக்க மாட்டோம். பிளாஸ்டிக் கரண்டிகளை வாங்கி வைத்து அதன் முதுகில் அடித்துப் பார்ப்போம். கரண்டி முதுகு கார் உடம்பு மாதிரியே வளைந்திருக்கும். அன்று கரண்டி கரண்டியாக நீலம் அடித்து, காய்ந்ததில் மிகப் பொருத்தமானதை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை மாமனார் வீட்டுக்குப் போனேன். மனைவி ஆபீஸ் வேலை இருக்கிறது என்று வரவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கரண்டியைக் கையில் கொடுத்தேன்.

"இதான் மாமா அந்த நீலம். பிசகே கிடையாது."

அவர் கரண்டியை முகத்துக்கு நேரே பிடித்தார். பச்சை, நீலம், சாம்பல் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எதோட நீலம் மாப்பிள்ளை? சைக்கிளா, சட்டையா?"

"சட்டையா இருக்காது மாமா. துணி பெயின்ட் விடாது" என்றேன். நிபுணன் அல்லவா. சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

உறை போட்டு, நின்ற இடத்திலேயே நிற்கிற காடிக்கு நீலம் எங்கிருந்து வரும்? கைப்பேசியை எடுத்து, மாடல் வேலை தொடங்கிய அன்று எடுத்த படங்களைத் திறந்தேன். இடது கண்ணாடி சுத்தமாக இருந்தது. இடது பின்கதவு வழுவழுவென்று இருந்தது. சக்கரம், அடிப்பக்கம், பம்பர், எதிலும் ஒன்றுமில்லை. இத்தனை மாதம் அந்தப் படங்கள் என் பையிலேயே இருந்தன. அம்பு ஒட்டியிருந்ததால், பிள்ளையாருக்குப் பிறகு நான் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் வண்டியை எடுத்து எங்கெங்கேயோ இடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் மெனக்கெட்டுச் செதுக்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, அவர் கரண்டியைக் கீழே வைக்காமல் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"மாமா, எங்க போனீங்க?"

ரேடியோவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"வியாழக்கெழம பசாருக்குப் போனேன், மீன் வாங்க. எப்பவும் போற வழிதான். நாலு வளைவு, கண்ண மூடிக்கிட்டுப் போவேன். திரும்பி வர்றப்ப இடது பக்கம் ஏதோ டொக்குன்னு பட்டுச்சு."

"என்ன பட்டுச்சு?"

"தெரியல. நான் நிறுத்தல."

அவ்வளவுதான் சொன்னார். வந்து உறையைப் போட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தவர், ரேடியோவில் விபத்துச் செய்தி ஏதாவது சொல்கிறார்களா என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கப் பயம். பம்பரைத் தடவிப் பார்த்திருக்கிறார், நிறம் தெரியவில்லை. நிறம் தெரிந்த ஆள் ஒருவனைத்தான் அவருக்குத் தெரியும். அவனுக்குப் போன் போட்டார்.

பயம் எனக்கும் பிடித்துக்கொண்டது. போலீசுக்குப் போவதா, மனைவிக்குச் சொல்வதா, ஆஸ்பத்திரிகளில் விசாரிப்பதா என்று ஒன்றும் ஓடவில்லை. அவர் கையிலிருந்த நீலக் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

"வாங்க மாமா. போய்ப் பாப்போம்" என்றேன்.

நடந்தே போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர், கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான். ஆயர் ஈத்தாமில் இவ்வளவு நீலம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைக் கதவு நீலம், தார்பாய் நீலம், குப்பைத் தொட்டி நீலம், மீன் கடை வாளி நீலம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கரண்டியை வைத்துப் பார்த்தேன். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மாமனாரைத் தெரிந்த சீனக் கிழவர் ஒருவர் என்ன தேடுகிறாய் டிரைவர் என்று மலாயில் கேட்டார். பெயின்ட் வாங்கப் போகிறோம் என்று மாமனார் பதில் சொன்னார்.

ஒரு மாடிப்படியின் கீழே சின்னப் பிள்ளை ஓட்டும் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. நீலம். பின் மட்கார்டு நசுங்கியிருந்தது. மாமனாரிடம் சொல்லாமல் குனிந்து கரண்டியை வைத்தேன். ஒரு சாயல் பச்சை கலந்த நீலம் அது. என்னுடையது இல்லை. இரண்டு தடவை வெயிலில் வைத்தும் பார்த்துவிட்டேன், என்னுடையது இல்லை.

"என்ன அது?" என்று கேட்டார்.

"வாளி மாமா" என்றேன்.

பசாரை ஒட்டிக் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். வெளியே போகும் வழியின் ஓரத்தில், இடது பக்கம், இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் நின்றது. நீலம். கொஞ்சம் சாய்ந்திருந்தது. முழங்கால் உயரத்தில் பெயின்ட் பெயர்ந்து, அந்த இடத்தில் பால் நிறம் அப்பியிருந்தது. கரண்டியை வைக்கவே தேவையில்லை, ஆனாலும் வைத்தேன். கோடு தெரியாமல் சேர்ந்தது. அப்பியிருந்த பால் நிறமும் நான் கலந்தெடுத்த அதே நிறம், ஒரு சொட்டு மஞ்சள், ஊசி முனையளவு பழுப்பு. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை வந்தது என்றால் நான் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"கம்பம் மாமா. கம்பத்துலதான் இடிச்சிருக்கீங்க." அவர் கையை எடுத்துக் கம்பத்தின் மேல் வைத்தேன். "இதுதான். வேற ஒண்ணுமே இல்ல."

மேலிருந்து கீழ்வரை தடவினார். உச்சியில் இருந்த தகட்டையும் தடவினார்.

"என்ன கம்பம் இது?"

"சக்கர நாற்காலி படம் போட்டிருக்கு மாமா. உடம்பு முடியாதவங்க, கண்ணு தெரியாதவங்க காடி நிறுத்துற எடம்."

கண் தெரியாதவர் என்று அரசாங்கத்தில் பதிந்து அதற்கான அட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லி மகள் கேட்டபோது, நான் என்ன குருடனா என்று அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் அவர். இப்போது சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பசாரிலிருந்து காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சிரிப்பு எனக்கு முதலில் நிற்கவில்லை. அவருக்கு நின்றுவிட்டது.

"நல்லவேளை மாமா" என்றேன். "கம்பம்தானே. விடுங்க."

"கம்பம்னு இன்னைக்குத் தெரியுது" என்றார். "அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல. தெரியாமதானே ஓடி வந்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார். மாடல் இன்னும் முடியவில்லையே என்று என் வாய்வரை வந்துவிட்டது. நல்ல காலம், அடக்கிக்கொண்டேன்.

"அவகிட்ட கொடுத்துடுங்க. கம்பம்னு சொல்லாதீங்க. அப்பா எதையோ இடிச்சிட்டு, என்னன்னுகூட பாக்காம வந்துட்டாருன்னு சொல்லுங்க. அதுதான் நடந்துச்சு."

அவரைப் பத்திரமாக மேலே ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லிச் சாவியை நீட்டினேன். மாதக்கணக்காக அந்தச் சாவிக்காக என்னோடும் அவரோடும் சண்டை போட்டவள் அவள். கையை நீட்டவில்லை. அங்கே வையுங்கள் என்று மேசையைக் காட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் அழுதது வெளியே எனக்குக் கேட்டது.